குறளும் குழம்பும்

(நாகர்கோவில் வடசேரிப் படிப்பகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்த ஏடு உங்கள் கையில் இருக்கும் இவ்வேளையில் அடுக்களையில் மல்லியும் மிளகும் தேங்காயும் வறுபடும் மணம் எழுந்து, திண்ணை வரை வந்திருக்கும். இறைச்சிக் கடை வாசலில் அரைமணி நேரம் காத்து நின்று, நெஞ்செலும்பா தொடைக்கறியா என்று வழக்காடி வாங்கி வந்த களைப்போடு நீங்கள் அமர்ந்திருக்கக் கூடும். அல்லது, வாசலில் கூடையை இறக்கிய மீன்கார அம்மையிடம் சாளை வாங்கிக் கொடுத்துவிட்டு ஏட்டைப் பிரித்திருக்கக் கூடும். அந்த நேரம் பார்த்து, அந்தக் குழம்பைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். சினம் வேண்டாம். குழம்பைக் கவிழ்க்கச் சொல்ல வரவில்லை, கொதிக்கட்டும். கொதித்து இறங்கும் வரையில் சிந்திப்போம். சிந்தித்த பின் உண்பதும் விடுவதும் உங்கள் உரிமை. சிந்திக்காமலே உண்பது மட்டும் நமக்கு அழகல்ல.

இந்தப் பேச்சு ஒரு கேள்வியில் பிறந்தது. சில திங்களுக்கு முன்னர் இதே வடசேரிப் படிப்பகத்தில் வள்ளுவரைப் பற்றிப் பேசினேன். குமரிமுனையில், 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையின் பெருமையை விரித்துரைத்தேன். சிலையும் பீடமும் சேர்ந்து 133 அடி. குறளின் அதிகாரங்களும் 133. பீடம் 38 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்களும் 38. பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்களுக்கு 95 அடி உயரச் சிலை. அறத்தின் மீதுதான் பொருளும் இன்பமும் நிற்க வேண்டும் என்று கல்லிலே கவிதை எழுதியிருக்கிறார்கள் என்றேன். கையொலி எழுந்தது. எனக்கும் களிப்பு.

கூட்டம் முடிந்ததும், பின்வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர் எழுந்தார்.

"அண்ணே, ஒரு ஐயம். அந்தப் பீடத்தின் 26ஆம் அடி எது?"

"26ஆம் அதிகாரம்."

"அந்த அதிகாரத்தின் பெயர்?"

நான் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "புலால் மறுத்தல். நம் மாநாட்டுப் பந்தலின் பின்புறம் அண்டா அண்டாவாகப் பிரியாணி வேகிறது. முன்புறம் வள்ளுவர் படம் தொங்குகிறது. இரண்டில் எதை நாம் நம்புகிறோம், அண்ணே?"

அவை சிரித்தது. நானும் சிரித்தேன். மேடைப் பேச்சாளனுக்கு விடை கிடைக்காத போது சிரிப்பு கிடைக்கும்! பிறகு ஒரு விடையும் சொன்னேன். "தம்பி, அது துறவறவியலில் உள்ள அதிகாரம், துறவிக்குச் சொன்னது. நீயும் நானும் இல்லறத்தார், அஞ்சாமல் உண்போம்!" மீண்டும் கையொலி. இளைஞர் அமர்ந்துவிட்டார். வெற்றி என்று எண்ணி வீடு திரும்பினேன்.

வீட்டில் விளக்கைப் போட்டுக் குறளைப் பிரித்தேன். வெற்றி வெட்கமாயிற்று.

ஏன் என்கிறீர்களா? அதே துறவறவியலில், புலால் மறுத்தலுக்கு அடுத்தடுத்து நிற்கும் அதிகாரங்கள் எவை? 29 கள்ளாமை. 30 வாய்மை. 31 வெகுளாமை. 32 இன்னா செய்யாமை. 33 கொல்லாமை. துறவிக்கு மட்டுமே இவை என்றால், இல்லறத்தான் திருடலாமா? பொய் சொல்லலாமா? சினத்தால் சீறலாமா? அண்டை வீட்டானுக்குத் தீங்கு செய்யலாமா? "ஆகாது, ஆகாது!" என்போம். அப்படியானால் 26க்கு மட்டும் ஏன் விலக்கு? நாக்குக்குப் பிடித்ததை நமக்கு வைத்துக்கொண்டு, பிடிக்காததைத் துறவிக்குத் தள்ளிவிடும் பங்கீடு அல்லவா அது! மேலும், அந்த அதிகாரத்துக்குள்ளேயே வள்ளுவர் வாங்குவோரையும் விற்போரையும் பேசுகிறார். தின்பவர் இல்லையேல் விற்பவரும் இல்லை என்ற கருத்தைக் கடைத்தெருவின் கணக்காகவே வைக்கிறார். காட்டில் தவம் கிடப்பவனுக்குக் கடைத்தெருக் கணக்கு எதற்கு? அது எனக்குச் சொன்னது, உங்களுக்குச் சொன்னது.

ஆகவே, அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று சொல்கிறேன். முதலில், நாம் ஒளிந்துகொள்ளும் மற்ற மூலைகளையும் திறந்து பார்த்துவிடுவோம்.

"சங்கத் தமிழன் ஊன் உண்டானே!" என்பார்கள். உண்டான், மறுப்பதற்கில்லை. சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதன், கபிலரின் கையைப் பற்றி, இது மெல்லியதாக இருக்கிறதே என்றபோது, ஊன் கலந்த சோறு உண்பதைத் தவிர வேறு தொழில் அறியாத கை என்று கபிலரே சொல்லுவது புறநானூற்றில் இருக்கிறது. அதியமான் மறைந்தபோது, எலும்போடு கூடிய இறைச்சியைத் தமக்கு வழங்கிய கொடையை நினைந்து ஔவையார் அழுததும் அங்கே இருக்கிறது. ஆனால், தோழர்களே, அதே புறநானூற்றில் ஆநிரை கவர்ந்த கதை இருக்கிறது. பகைவன் ஊரை எரித்த பெருமை இருக்கிறது. பழையது என்பதாலேயே சரியானது என்று நாம் எப்போது ஒப்புக்கொண்டோம்? "முன்னோர் செய்தார்கள்" என்று நம்மிடம் சொல்லவந்தவர்களை மேடைதோறும் மடக்கிய நாம், நம் இலையில் சோறு விழுந்ததும் முன்னோரைத் துணைக்கு அழைக்கலாமா?

"செடிக்கும் உயிர் உண்டே, கீரையைக் கிள்ளுவது கொலை இல்லையா?" என்பார்கள். நானும் இதைச் சொல்லித் தப்பியவன்தான். ஆனால், ஆடு எதை உண்டு வளர்கிறது? கோழி எதைக் கொத்திக் கொழுக்கிறது? ஒரு கிலோ கறிக்குப் பின்னால் அதைப்போல் பன்மடங்கு இலையும் தானியமும் அழிகின்றன. செடிக்காக இரங்குகிறவன் கறியை விடுவதே முறை! அன்றியும், கத்தி எடுத்தவனைக் கண்டதும் ஆடு கதறுகிறது, கயிற்றை இழுக்கிறது, கண்ணை உருட்டுகிறது. கீரை அப்படிச் செய்யவில்லை. நோவு எங்கே இருக்கிறது என்பதை நம் காதும் கண்ணும் அறியும். அறியாதது போல் நடிப்பது நாக்கு மட்டுமே.

"புலால் கூடாது என்பது நம்மை இழிவு செய்தவர்களின் வாதம், அதை நாம் ஏற்பதா?" என்பார்கள். இங்கேதான் சற்று நிற்க வேண்டும். ஏனெனில் இந்த வாதத்தில் பாதி பொய், பாதி நெருப்பு.

பொய்ப் பாதியை முதலில் சொல்கிறேன். பகைவன் வாயிலிருந்து வந்ததால் உண்மை பொய்யாகிவிடாது. என் நாடகம் ஒன்றில் கறி உண்ணாத மனிதர் ஒருவரைக் கோமாளியாக்கிக் காட்டினேன். கொட்டகை குலுங்கச் சிரித்தார்கள். இப்போது எண்ணினால் கூசுகிறது. அவர் செய்த குற்றம் என்ன? ஓர் உயிரைக் கொல்லாதிருந்தது!

நெருப்புப் பாதியை இப்போது சொல்கிறேன். புலால் மறுத்தல் என்னும் அறம், இந்த நாட்டில் புலால் உண்பவனை மறுத்தல் என்னும் அநீதியாக மாற்றப்பட்டது. அறம் விலங்கைப் பார்த்து இரங்கச் சொன்னது. ஆணவம் மனிதனைப் பார்த்து மூக்கைப் பொத்தியது. அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட, தீண்டாமையின் பிறப்பை ஆராயும் நூலில், மாட்டிறைச்சி உண்பதே ஒரு மக்கள் கூட்டத்தை ஒதுக்கிவைக்கும் அடையாளமாக எப்படி ஆக்கப்பட்டது என்று வாதிட்டார். 2015இல் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில், வீட்டில் மாட்டிறைச்சி இருக்கிறது என்று கிளம்பிய வதந்தியை நம்பி, ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். மாட்டுக்கு இரங்கிய கைகளா அவை? மாட்டின் உயிருக்காக மனிதனின் உயிரைக் குடித்த கையை, எந்த அருள் அதிகாரத்தில் எழுதுவது?

அவ்வளவு தொலைவு ஏன்? நம் குமரி மாவட்டத்துக் குளச்சலுக்கு வாருங்கள். 2021 டிசம்பரில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய மூதாட்டி ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்டதை நாடே பார்த்தது; முதலமைச்சர் வருந்தி அறிக்கை விட்டார்; நடவடிக்கையும் பாய்ந்தது. அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் எல்லாம் மீன் உண்ணாதவர்களா? 2014இல் எடுத்த அரசுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் புலால் உண்பவர்கள். மீன் இனிக்கிறது, மீன் சுமந்தவள் நாறுகிறாள்! உணவில் இல்லை அந்த நாற்றம், உள்ளத்தில் இருக்கிறது.

"சைவ உணவு உண்பவர்களுக்கு மட்டும்" என்று வாடகை வீட்டு வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டின் மீது கொண்ட அன்பினால் தொங்கும் பலகை என்றா நினைக்கிறீர்கள்? சாதி என்ன என்று கேட்க நாணம் தடுக்கிறது; சட்டி என்ன என்று கேட்க எதுவும் தடுப்பதில்லை. சட்டியைக் கேட்டால் சாதி தெரிந்துவிடும் என்பது வீட்டுக்காரரின் கணக்கு.

இன்னொன்றும் உங்களுக்கு நினைவிருக்கும். கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்க 1950இல் ஒரு சட்டம் வந்தது. நெடுங்காலம் அது தூங்கியது. 2003இல் அன்றைய அரசு அதை எழுப்பி, கண்டிப்பாக நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. சுடலைமாடனுக்கும் முத்தாரம்மனுக்கும் கொடை எடுக்கும் நம் பக்கத்துச் சிற்றூர் மக்கள் திகைத்தார்கள். கோயில் வாசலில் வெட்டினால் குற்றம். கடை வாசலில் வெட்டினால் வணிகம்! ஏழையின் சாமி உண்டால் கொடுமை. செல்வர் விருந்தில் பரிமாறினால் பெருமை! விலங்குக்காக வந்த சட்டமானால் வெட்டும் இடத்தைப் பார்த்தா வேறுபடும்? எதிர்ப்பு எழுந்தது. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது.

இவ்வளவையும் சொன்ன பின், பலியிடுவது நல்லதுதான் என்றா முடிப்பது? இல்லை. நம் மண்ணிலேயே வேறொரு வழியைக் காட்டிச் சென்றவர் இருக்கிறார். சாமித்தோப்பு அய்யா வைகுண்டர், 1851இல் மறைந்தவர். தோளுக்குச் சீலை கூடாது, தலைக்குத் தலைப்பாகை கூடாது என்று அடக்கப்பட்ட மக்களிடம் பிறந்தவர். திருவிதாங்கூர் மன்னரின் சிறையைக் கண்டவர். பலியிடாதீர்கள் என்று அவரும் சொன்னார். துவையல் பந்தி என்ற பெயரில் கடலோரத்தில் குடும்பம் குடும்பமாகக் கூடி, உடுத்தியதைத் துவைத்து, மரக்கறி உணவை உண்டு, ஒன்றாக வாழ்ந்தார்கள் அவர் மக்கள். அவர் காவலரை அனுப்பவில்லை. சட்டம் போடவில்லை. தன்னோடு தாழ்த்தப்பட்டவர்களிடம், தன்மானத்தோடு நிமிருங்கள் என்று சொன்ன அதே வாயால், உயிரைக் கொல்லாதீர்கள் என்றும் சொன்னார். கேட்டார்கள். மேலிருந்து இடித்துரைத்தால் ஆணவம். உடனிருந்து எடுத்துரைத்தால் அறம். இரண்டுக்கும் உள்ள தொலைவு, தடிக்கும் தோளுக்கும் உள்ள தொலைவு.

குழித்துறைக்கு அருகே சிதறால் மலைக்கு ஏறிப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் பாறையில் அமர்ந்திருக்கிறார்கள் சமணத் தீர்த்தங்கரர்கள். நாகர்கோவிலுக்குப் பெயர் தந்த நாகராசா கோயிலின் தூண்களிலும் அவர்கள் உருவம் உண்டு. எறும்பையும் மிதிக்கக் கூசியவர்கள் இந்த மண்ணில் நடந்திருக்கிறார்கள். தேரூரில் பிறந்த கவிமணி, ஆங்கிலப் பாவலர் எட்வின் ஆர்னால்டின் நூலைத் தழுவி 'ஆசிய ஜோதி' பாடினார். வேள்விக்கு ஓட்டிச் செல்லப்பட்ட ஆட்டுக் குட்டியைத் தோளில் சுமந்து, மன்னன் பிம்பிசாரனின் வேள்விச் சாலையில் புகுந்து கொலையை நிறுத்திய புத்தரை நாஞ்சில் நாட்டுக்கு அழைத்து வந்தார். ஆகவே கொல்லாமை நமக்கு வெளியூர்ச் சரக்கல்ல. நம் வீட்டுப் பொருளைப் பிறர் எடுத்துப் பூணூலும் பட்டும் கட்டி வைத்துக்கொண்டார்கள் என்பதற்காக, அது நம்முடையதே அல்ல என்று நாமே சொல்லிவிடலாமா?

இப்போது நேரடியாகக் கேள்விக்கு வருகிறேன். மாற்று உணவு இருக்கும்போது புலால் உண்பது அறமா?

"மாற்று இருக்கும்போது" என்ற அந்த இரண்டு சொற்களைக் கவனியுங்கள். யாருக்கு இருக்கிறது மாற்று? அதில்தான் இந்த வழக்கின் தீர்ப்பே இருக்கிறது.

என் பாட்டி சொல்லுவார்: "சோறு இல்லாத காலம் மரச்சீனியாலும் சாளையாலும் கழிந்தது, மக்களே." 1942இல் பர்மா சப்பானியர் கையில் விழுந்தது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. திருவிதாங்கூர் அரிசிக்குத் தவித்தது. ஏரியும் குளமும் நிறைந்த நாஞ்சில் நாடு நெற்களஞ்சியம்தான். ஆனால் களஞ்சியம் இருந்த ஊரில் கலயம் காலியாயிருந்த குடிசைகளும் இருந்தன. அங்கே உயிரைப் பிடித்து வைத்தவை இரண்டு: மண்ணுக்குள் விளைந்த மரச்சீனிக் கிழங்கு, கடலுக்குள் விளைந்த சாளை மீன். கிழங்கில் மாவு உண்டு, உடலைக் கட்டும் புரதம் மிகக் குறைவு. அதை மீன் தந்தது. அந்தச் சாளையை உண்ட பிள்ளையிடம் போய், "உயிரைக் கொன்றாயே!" என்று கேட்கும் அறம், அறமன்று; அறியாமை.

வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் தூத்தூரிலும் கடலையே வயலாகக் கொண்டவர்கள் வாழ்கிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, இந்த மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் கடலோடு போனார்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பிணக்காடாயின. தன் உயிரைக் கடலிடம் பணயம் வைத்து மீனைக் கொண்டு வருகிறவனிடம் உயிரின் விலையைப் பற்றிப் பாடம் நடத்த எனக்குத் தகுதியில்லை. அவன் அதை என்னைவிட நன்றாக அறிவான்.

இதைத் தமிழ் எப்போதோ எண்ணிப் பார்த்திருக்கிறது. மணிமேகலையில் சாதுவன் என்று ஒரு வணிகன். கப்பல் உடைந்து, நாகர்கள் வாழும் மலைத் தீவில் ஒதுங்குகிறான். அவர்கள் மனிதரையே தின்பவர்கள். சாதுவன் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். கள்ளையும் கொலையையும் விடச் சொல்கிறான். தலைவன் கேட்கிறான்: அவற்றை விட்டால் நாங்கள் எப்படி உயிர் வாழ்வது? உமக்கு இயன்ற அறத்தையாவது சொல்லும், செய்கிறோம் என்கிறான். சாதுவன் சினக்கவில்லை. கலம் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதீர்கள். முதிர்ந்து தாமே இறக்கும் விலங்கைத் தவிர வேறெதையும் கொல்லாதீர்கள் என்கிறான். பாருங்கள், தோழர்களே! தீவில் இருப்பவனுக்குத் தீவுக்கு ஏற்ற அறம். இயலாததைக் கேட்டு இழிவு செய்யவில்லை. இயன்றதைக் கேட்டு உயர்த்துகிறான். ஆனால், ஒன்றுமே வேண்டாம், இருந்தபடி இரு என்றும் சொல்லவில்லை.

வள்ளலாரும், புலால் உண்பாரைத் தம் இனத்தார் அல்லர் என்று வேறாகவே வைத்தவர்தான். ஆயினும் அவர்களுக்கும் பசி தீர்க்கச் சொன்னார். 1867இல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. இனம் வேறு என்று பிரித்ததில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. பசிதான் முதற்கேள்வி என்றாரே, அதில் அவர் காலடியில் அமர்கிறேன்.

பசி தீர்ந்த பிறகுதான் இரண்டாம் கேள்வி எழுகிறது. அது யாரிடம்? என்னிடம்! உங்களிடம்!

மேடையில் பேசி, நாடகம் எழுதி, மாதம் முப்பது நாளும் அடுப்பு எரியும் வீடு என்னுடையது. நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம்; 2007 முதல் துவரம் பருப்பும் குறைந்த விலையில் கிடைக்கிறது. சந்தையில் பயறு உண்டு, கடலை உண்டு, பால் உண்டு. அவியலும் தீயலும் துவரனும் சமைக்க அறிந்த கைகள் நாஞ்சில் நாட்டில் இருப்பதுபோல் வேறெங்கே உண்டு? எனக்கு மாற்று இல்லை என்று நான் சொன்னால், அது வயிற்றின் வாக்குமூலம் அல்ல, நாவின் பொய்ச்சாட்சி.

நான் உண்பது பாட்டி உண்ட சாளையும் அல்ல. ஒன்று கேளுங்கள். கறிக்காக வளர்க்கும் பிராய்லர் கோழி ஏறக்குறைய ஆறு வாரத்தில் கத்திக்கு வருகிறது. இயற்கை அதற்குப் பல ஆண்டுகள் எழுதி வைத்திருந்தது. நாம் ஆறு வாரமாகத் திருத்திவிட்டோம். முட்டைக் கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையிடாது, கறிக்கும் கொழுக்காது. பொரிப்பகத்தில் பிறந்த நாளே அதற்கு இறந்த நாள். முட்டைக் கோழியின் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு தெரியுமா? உங்கள் கையில் இருக்கும் இந்த ஏட்டின் ஒரு பக்கத்தை நான்காக மடியுங்கள். அவ்வளவுதான்! அதில் நிற்க வேண்டும், உண்ண வேண்டும், வாழ்நாளைக் கழிக்க வேண்டும். சிறகை விரிக்க இடமில்லை. இந்தியச் சட்ட ஆணையமே 2017இல் இந்தக் கூண்டுகளைப் பற்றித் தனி அறிக்கை எழுத நேர்ந்தது. உலகம் முழுவதும் ஆண்டொன்றுக்கு உணவுக்காக 8,000 கோடிக்கு மேற்பட்ட நிலவாழ் உயிர்கள் கொல்லப்படுகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கோழிகள். பாட்டியின் முற்றத்தில் மேய்ந்த கோழி ஒரு பண்டிகைக்குச் செத்தது. இந்தக் கோழி, நாம் வெறுமனே இருக்கும் ஒரு மாலைப்பொழுதுக்குச் சாகிறது.

"அப்படியானால் பள்ளிப் பிள்ளையின் முட்டையையும் பறிப்பாயா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மாட்டேன்! 1989இல் சத்துணவில் இரு வாரத்துக்கு ஒரு முட்டையாகத் தொடங்கியது. 2010இல் வாரத்துக்கு ஐந்து முட்டையாக வளர்ந்தது. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்றைய புரதம் அந்த முட்டைதான். பிற மாநிலங்களில் தூய்மையின் பெயரால் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்க முயன்றவர்கள் உண்டு. வயிறு நிறைந்தவன் காக்கும் விரதத்துக்குப் பசித்த பிள்ளை பட்டினி கிடப்பதா? தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடத்தில் முட்டை வேண்டாத பிள்ளைக்கு என்ன தருகிறார்கள்? வாழைப்பழம்! முட்டை உண்ணும் பிள்ளையும் பழம் உண்ணும் பிள்ளையும் ஒரே பந்தியில். நீ தாழ்ந்தவன் என்று எவனும் எவனையும் சொல்லவில்லை. இந்த நாட்டின் உணவுச் சண்டைக்கு அந்தப் பந்தி தீர்ப்பு எழுதிவிட்டது. கோழியின் கூண்டைப் பெரிதாக்கப் போராடுவோம். பிள்ளையின் தட்டைச் சிறிதாக்க விடமாட்டோம்.

ஆகவே, என் விடை இது.

வேறு வழியில்லாமல் உண்கிறவன் குற்றவாளி அல்லன். வேறு வழி இருந்தும் உண்கிற நான் குற்றமற்றவன் அல்லன். முதல்வனைத் தண்டிக்க எவனுக்கும் உரிமையில்லை. இரண்டாமவனைக் கேட்க அவன் நெஞ்சுக்கு மட்டும் உரிமை உண்டு. சட்டமும் தடியும் சமையலறைக்குள் நுழையக் கூடாது. ஆனால் சிந்தனை நுழைய வேண்டும்.

தோழர்களிடம் நான் வேண்டுவது மூன்று. ஒருவன் என்ன உண்கிறான் என்று கேட்டு அவன் யார் என்று அளக்காதீர்கள்; அளப்பவனை எங்கே கண்டாலும் எதிர்த்து நில்லுங்கள். நம் விழாக்களில் இறைச்சியைப் பெருமையின் அடையாளமாக அடுக்காதீர்கள். எத்தனை ஆடு வெட்டினோம் என்பது மாநாட்டின் வெற்றிக் கணக்காக வேண்டாம். மரக்கறிப் பந்தியை மூலையில் ஒதுக்காமல் முதல் வரிசையில் வையுங்கள். மூன்றாவது, மாற்று உள்ளவர்கள் குறைத்துக்கொள்ளுங்கள், இயன்றால் விடுங்கள். சாதுவன் நாகர் தலைவனிடம் கேட்டதற்கு மேல் நான் கேட்கவில்லை.

"நீ விட்டாயா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். கூண்டுக் கோழியை விட்டு மூன்று திங்கள் ஆகிறது. ஆட்டுக்கறியையும் விட்டிருக்கிறேன். மீனை விட்டேன் என்று சொன்னால், 30ஆம் அதிகாரத்துக்கு நான் பகைவனாவேன். அயிலைக் குழம்பு மணக்கும்போது கால் தயங்குகிறது. ஆனால் முன்பு குற்றமில்லை என்று சொல்லி உண்டேன். இப்போது அப்படிச் சொல்லுவதில்லை. பொய்யை முதலில் விட்டிருக்கிறேன், மீன் அடுத்தது.

அந்த இளைஞரை மறுபடி கண்டேன். இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அண்ணே, இன்று வீட்டில் என்ன?" என்றார்.

"கஞ்சியும் பயறும்" என்றேன்.

"அப்படியானால் நானும் வருகிறேன்" என்றார்.

வந்தார். இருவரும் உண்டோம்.